டிவி காமெடியில் நடிக்கிறவனுக்கு எத்தனை காலம் ஓடும்?

"என் தங்கச்சி மகன் பாளையங்கோட்டையில் டிகிரி முடித்திருக்கிறான். காலேஜ் ஸ்கிட்டில் நல்ல பேர். சென்னைக்குப் போய் டிவி காமெடி ஷோவில் சேரப் போகிறேன் என்று நிற்கிறான். லொள்ளு சபாவில் நடித்தவர்களெல்லாம் பிறகு என்ன ஆனார்கள்? இந்தத் தொழிலில் ஒருவன் எத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியும்? அவனைப் போகச் சொல்லலாமா?" அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தார். அவருக்கான பதில் இது.

அண்ணாச்சி, தாராளமாகப் போகச் சொல்லுங்கள். ஆனால் நடிப்பை மட்டும் நம்பிப் போக வேண்டாம். எழுதவும் கற்றுக்கொண்டு, காலேஜில் கூட நடித்த பையன்களில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு போகட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் நம் பக்கத்துக் கோயில் கொடை விழா மேடைகளுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் ஸ்கிட், அதாவது குட்டிச் சிரிப்பு நாடகம், எழுதுகிறவன். சில வருஷம் சென்னையில் டிவி நிகழ்ச்சிக்கு எழுதும் குழுவிலும் இருந்தேன்.

லொள்ளு சபாவிலிருந்தே தொடங்கலாம். 2000களின் நடுவில் விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய நிகழ்ச்சி அது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதே கெட்டப், அதே காட்சி, கையில் கிடைத்த சாமானை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் அதைக் கலாய்த்துவிடுவார்கள். பெரும்பாலும் சந்தானம்தான் ஹீரோ. அதைப் பார்த்துத்தான் சிம்பு அவரை 2004-இல் வந்த 'மன்மதன்' படத்துக்குக் கூப்பிட்டார். அதற்கப்புறம் பத்து வருஷம் பெரும்பாலும் ஹீரோவுக்கு நண்பனாகத்தான் நடித்தார். 2014-இல் தனி ஹீரோ ஆனார். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. பலர் கவனிக்காதது அதற்கு அடுத்தது. ஹீரோவாக அவருக்கு நன்றாகக் கைகொடுத்த படங்களில் ஒன்று 2016-இல் வந்த 'தில்லுக்கு துட்டு'. அதை இயக்கியவர் யார் தெரியுமா? அதே ராம்பாலா. அதற்குப் பிறகு வந்த சந்தானத்தின் படங்களிலும் லொள்ளு சபா முகங்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். மாறன் வருவார், சேஷு வந்தார், மனோகர் வருவார், சுவாமிநாதன் வருவார். டிவியில் ஒன்றாக உட்கார்ந்து டைமிங் பழகியவர்கள், சினிமாவில் கோடிக்கணக்கில் பணம் போடும்போதும் ஒருவரை ஒருவர் தேடிப் போகிறார்கள். புது ஆளோடு பத்து நாள் ரிகர்சல் பார்த்தாலும் வராத அந்த இடைவெளிக் கணக்கு, பழைய ஆளோடு ஒரே டேக்கில் வந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சுவாமிநாதன், லொள்ளு சபா சேஷு, லொள்ளு சபா ஜீவா. நிகழ்ச்சி நின்று எவ்வளவோ வருஷம் ஆகியும் அது அவர்கள் பேருக்கு முன்னால் இன்ஷியல் மாதிரி நிற்கிறது. இதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. நல்லது என்னவென்றால், தயாரிப்பாளர் பேரைக் கேட்டவுடனே முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவார், ஆடிஷன் வரிசையில் நிற்க வேண்டாம். கெட்டது, எந்தப் படத்துக்குப் போனாலும் அந்தப் பழைய வேலையைத்தான் கேட்பார்கள். மனோகர் கையை வீசி வீசிப் பேசுகிற விதம் வேண்டும், சுவாமிநாதனின் அந்த முழி வேண்டும். இரண்டு சீன், நான்கு சீன், அவ்வளவுதான். சேஷு 2024 பிப்ரவரியில் வந்த 'வடக்குப்பட்டி ராமசாமி'யில் அதைத் தாண்டிச் சிரிக்க வைத்தார். அடுத்த மாதமே காலமானார். இருபது வருஷ அனுபவம் முழுதாகத் தெரிகிற மாதிரி ஒரு வேஷம் கையில் வருவதற்கு அவ்வளவு காலம் ஆகிவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

யோகி பாபுவின் கதையை உங்கள் மருமகன் ஊன்றிப் படிக்க வேண்டும். லொள்ளு சபாவில் அவர் கூட்டத்தில் ஒருவராக வந்து போனவர். ஆனால் ராம்பாலாவிடம் உதவியாளராக இருந்து ஸ்கிட் எழுதவும் செய்தார். 2009-இல் 'யோகி' படம் வந்து, அதன் பேரே அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது. 2021-இல் 'மண்டேலா'வில் முழுப் படத்தையும் தோளில் சுமந்தார். அந்தப் படத்தில் அவர் சிரிக்க வைக்க எதுவும் செய்யவில்லை, நாம்தான் சிரிக்கிறோம், அப்புறம் சங்கடப்படுகிறோம். சிரிப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று எழுதிப் பார்த்தவனுக்குத்தான் அப்படிச் சும்மா நிற்கிற தைரியம் வரும் என்பது என் எண்ணம்.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. லொள்ளு சபாவில் நடித்த மதுமிதா 2012-இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி'யில் ஜாங்கிரியாக வந்து, அதற்கப்புறம் ஜாங்கிரி மதுமிதாவாகவே ஆகிவிட்டார். பெண்களுக்கு டிவி காமெடியில் எழுதப்படும் வேஷங்கள் மிகக் குறைவு. கிடைக்கிற ஒன்றில் மொத்தத் திறமையையும் காட்டியாக வேண்டியிருக்கிறது.

அடுத்த வாசல் 2005-இல் விஜய் டிவியில் தொடங்கிய 'கலக்கப் போவது யாரு'. இது வேறு மாதிரி. லொள்ளு சபாவில் கேமராவுக்கு நடித்தார்கள், இங்கே எதிரே ஜட்ஜும் கூட்டமும் உட்கார்ந்திருக்கும். மிமிக்ரி, தனி ஆள் பேச்சு, அப்புறம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஸ்கிட். முதல் சீசனில் கோவை குணா ஜெயித்தார். மூன்றாவது சீசனில் ஜெயித்த சிவகார்த்திகேயன் அதே சேனலில் 'அது இது எது' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கி, 2012-இல் 'மெரினா'வில் ஹீரோவாகி, இன்று இருக்கிற இடம் உங்களுக்கே தெரியும். 'அது இது எது'வில் 'சிரிச்சா போச்சு' என்று ஒரு சுற்று. விருந்தினர் உட்கார்ந்திருப்பார், எதிரே ஸ்கிட் நடக்கும், அவர் சிரித்துவிட்டால் தோற்றார். நடிகனுக்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது. ஊரே சிரித்தாலும் அந்த ஒரு முகம் அசையவில்லை என்றால் வேலை முடியவில்லை. வடிவேல் பாலாஜி, ராமர், தங்கதுரை எல்லாரும் அங்கே பழுத்தவர்கள்.

ஊரில் எல்லாரும் சிவகார்த்திகேயனை மட்டும் உதாரணம் காட்டுவார்கள். நீங்கள் வடிவேல் பாலாஜியையும் நினைத்துப் பாருங்கள். அவரைத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. ஊர் ஊராக மேடை. 2020-இல் ஊரடங்கு வந்து மேடையெல்லாம் நின்றது. அந்த செப்டம்பரிலேயே உடல்நலம் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கோவை குணா 2023-இல், ரோபோ சங்கர் 2025-இல் காலமானார்கள். திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல அவர்கள்.

இங்கே வருமானத்தின் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் யாரும் இதைச் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. டிவியில் ஒரு எபிசோடுக்குத் தரும் பேமென்ட் குடும்பம் நடத்தப் போதாது. ஒரே நாளில் இரண்டு மூன்று எபிசோடு எடுத்துவிடுவார்கள், மாதத்தில் சில நாள்தான் ஷூட்டிங். டிவி தருவது முகம். அந்த முகத்தைப் பணமாக மாற்றுவது வெளி மேடை. கல்லூரி விழா, கம்பெனி விழா, கோயில் கொடை, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம். நம் பக்கத்தில் பங்குனி, சித்திரையிலும் அப்புறம் ஆடியிலும் கொடை வந்தால் வள்ளியூரிலிருந்து சங்கரன்கோவில் வரை மேடைக்கு மேடை ஆள் தேடுவார்கள். மார்கழியில் ஒன்றும் இருக்காது. வருமானம் இப்படிப் பருவம் பார்த்து வரும். நிகழ்ச்சி நின்று இரண்டு வருஷம் ஆனால் மேடைக்குக் கூப்பிடுவதும் குறையும். அதனால்தான் சம்பாத்தியம் உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த வேலையைக் கற்றிருக்க வேண்டும் என்கிறேன். தொகுப்பாளர் வேலை, டப்பிங், எழுத்து, இயக்கம் என்று எதுவானாலும் சரி. இவற்றில் எழுத்துதான் வயதாகிவிட்டது என்று ஆளைக் கழிக்காது.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் நெல்லையிலிருந்து சென்னைக்குப் போனது கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கூப்பிட்டு. வில்லுப்பாட்டும் பாடினார், கலைவாணருக்கு நகைச்சுவையும் எழுதிக் கொடுத்தார். 2021-இல் பத்மஸ்ரீ, அடுத்த வருஷம் மறைந்தார். தொண்ணூறு தாண்டியும் மதிப்புக் குறையாமல் வாழ்ந்த கலைஞர். எழுத்து கையில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வில்லுப்பாட்டு என்றதும் தொழில் நுணுக்கம் ஒன்று ஞாபகம் வருகிறது. அண்ணாச்சி, நீங்கள் எத்தனையோ கொடையில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். புலவர் கதை சொல்வார், பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போட்டுக்கொண்டே வருவார். அவர் 'அப்படியா? பெறவு?' என்று கேட்கிற இடத்தில்தான் கூட்டம் சிரிக்கும். புலவர் சொன்னது வேடிக்கை என்று நமக்குக் காட்டிக் கொடுப்பவர் அந்த 'ஆமா' போடுகிறவர்தான். டிவி ஸ்கிட்டில் இதை 'லீட்' கொடுப்பது என்பார்கள். ஒருவன் லீட் கொடுக்க வேண்டும், இன்னொருவன் கவுண்டர், அதாவது சிரிப்பு வரவைக்கிற பதிலடி, அடிக்க வேண்டும். புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் கவுண்டர் அடிக்கத்தான் அலைகிறார்கள். ஐந்து பேர் மேடையில் நின்று ஐந்து பேரும் பஞ்ச் பேசினால் ஒருத்தருக்கும் சிரிப்பு வராது. லீட் சரியாகக் கொடுக்கத் தெரிந்தவன், அதாவது எதிராளி பேசும்போது முகத்தை மட்டும் சரியான நேரத்தில் திருப்பத் தெரிந்தவன், அரிது. அவனை எந்த டீமும் விடாது. நான் இருந்த குழுவில் எழுத்து வேலை முடிந்து நடிகர்களைப் பிரிக்கும்போது முதலில் கேட்ட பேரெல்லாம் லீட் ஆட்களுடையதுதான். உங்கள் மருமகன் காலேஜ் ஸ்கிட்டில் எந்தப் பக்கம் நின்றான் என்று விசாரித்துப் பாருங்கள். லீட் பக்கம் என்றால் எனக்கு அவன்மேல் நம்பிக்கை கூடும்.

அடுத்து நம் பேச்சு. சென்னைக்குப் போனவுடன் 'திருநெல்வேலியா? அப்போ அந்த ஸ்லாங் பேசிக் காட்டு' என்பார்கள். அவனும் வரிக்கு வரி 'ஏலேய்' போட்டுப் பேசிக் காட்டுவான். அதோடு அவன் ஒரே வேஷத்துக்கு ஆளாகிவிடுவான். நம் ஊரில் யார் வரிக்கு வரி ஏலேய் போடுகிறார்கள்? சின்னப் பையனையோ ஒத்த வயதுச் சோட்டாளியையோ கூப்பிட அது, பெரியவர்களிடம் போட்டால் அடிதான் விழும். உண்மையில் நம் பேச்சை நம் பேச்சாக்குவது 'வருதேன், சொல்லுதேன், செய்யுதாவ' என்று வினையில் வரும் அந்தத் தகரமும், அதன் ராகமும், 'கேட்டேரா' என்று மரியாதையோடு இடிக்கிற அந்த இடியும்தான். அதிலும் மேலப்பாளையத்துப் பேச்சு வேறு, திசையன்விளைப் பேச்சு வேறு, சங்கரன்கோவில் கரிசல் பக்கத்துப் பேச்சு வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பேசத் தெரிந்தால் அவன் கையில் மூன்று பாத்திரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை நன்றாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பணகுடிக்காரர் நெல்லை சிவா, படத்தில் போலீஸாக வந்தாலும் ஊர்ப் பெரியவராக வந்தாலும், அந்தப் பேச்சை வேடிக்கை காட்டப் பேசவில்லை. இயல்பாகப் பேசினார், வடிவேலு எதிரே நின்று தவிக்கத் தவிக்கச் சிரிப்பு தானாக வந்தது. அவரும் ஒரு மிகச் சிறந்த லீட் ஆள் என்பேன். 2021-இல் போய்விட்டார். இமான் அண்ணாச்சி ஆதித்யா டிவியில் 'சொல்லுங்கண்ணே சொல்லுங்க' என்று தெருவில் மைக்கை நீட்டிக் கேட்டதும், சன் டிவியில் 'குட்டி சுட்டீஸ்' குழந்தைகளிடம் பேசியதும் இதே பேச்சை வைத்துத்தான். குழந்தைகள் அவரிடம் மனம்விட்டுப் பேசியதற்குக் காரணம், அவர் குரலில் பக்கத்து வீட்டு மாமாவின் சாயல் இருந்தது.

லேடி கெட்டப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிவி ஸ்கிட்டில் கொஞ்சம் மெலிந்த பையன் வந்தால் முதல் வாரமே சேலையைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் குண்டு, கறுப்பு, வழுக்கை என்று உடம்பை வைத்தே கவுண்டர். இதைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதுண்டு, ஏனென்றால் நாம் பார்த்து வளர்ந்தது வேறு. கொடையில் நடக்கிற கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் என்கிற தோல் வாத்தியம் முழங்க, இரண்டு ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடுகிறார்கள். சாமிக்கு முன்னால் ஆடுகிற ஆட்டம் அது. அதில் கேலியும் உண்டு, ஆனால் பெண்ணாக நிற்பதே கேலி என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. உங்கள் மருமகனுக்குச் சேலை கட்டச் சொன்னால் கட்டட்டும், தப்பில்லை. அந்தப் பெண் யார், எந்த ஊர், எதற்குக் கோபப்படுகிறாள் என்று யோசித்துக் கட்டட்டும். பாளையங்கோட்டை செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. சென்னைக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய், கூத்து பற்றித் தெரிந்தவர்களிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். கொடைக்குப் போய்க் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கவும் சொல்லுங்கள்.

'கட்டாயம் சென்னைக்குத்தான் போகணுமா?' என்று நீங்கள் கேட்கலாம். முன்பு போயே ஆக வேண்டும். இப்போது அப்படி இல்லை. கோயம்புத்தூர் பக்கத்து 'நக்கலைட்ஸ்' தங்கள் ஊர்ப் பேச்சில், தங்கள் ஊரிலேயே எடுத்து யூடியூபில் போட்டுப் பெரிய ஆளானார்கள். கோபியும் சுதாகரும் 'பரிதாபங்கள்' என்று இரண்டு பேராக நின்று மாமனாராகவும் மருமகனாகவும் மாறி மாறி நடித்து, டிவிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தார்கள். அவர்களிலும் பாருங்கள், எழுத்தும் கூட்டணியும்தான் அடிப்படை. நம் நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, ஒரு போன், சட்டையில் மாட்டுகிற ஒரு மைக் இருந்தால் போதும். ஒலி மட்டும் தெளிவாக இருக்க வேண்டும், படம் சுமாராக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். ஆறு மாதம் இங்கேயே மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒன்று போடட்டும். அதில் வருகிற காசை எதிர்பார்க்க வேண்டாம். எந்த வரிக்கு ஆட்கள் சிரித்தார்கள், எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். ஆடிஷனுக்குப் போகும்போது கையில் காட்டவும் ஏதாவது இருக்கும்.

போவதென்று முடிவானால் சில காரியங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், அது சுலபம். அதற்கப்புறம் வாடகைதான் ஆளைத் தின்னும். பகலில் செய்ய ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். நடிப்பு கற்க வேண்டுமென்றால் கூத்துப்பட்டறை மாதிரியான இடங்களைப் பார்க்கட்டும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கியது, பசுபதி அங்கே பயின்றவர், விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைப் பார்த்துப் பழகியவர். காமெடிக்கு உடம்பைப் பழக்குவது அவ்வளவு முக்கியம். 'பணம் கட்டினால் சேனலில் சான்ஸ்' என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கவே கூடாது, ஆடிஷனுக்கு யாரும் பணம் வாங்க மாட்டார்கள். தொடர்ந்து வேலை வர ஆரம்பித்ததும் சின்னத்திரை நடிகர் சங்கத்தில் உறுப்பினராகப் பார்க்க வேண்டும், பேமென்ட் தகராறு வந்தால் தனி ஆளாக நின்று பேச முடியாது. ஒப்பந்தம் நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கட்டும். இத்தனை காலம் வேறு சேனலில் வரக் கூடாது, யூடியூபில் போடக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை இருக்கலாம். தான் எழுதிய கான்செப்டுக்குத் தன் பேர் திரையில் வருமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடட்டும். நிறையப் பேர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது இதைத்தான். பின்னால் கேட்டால் கிடைக்காது.

உங்கள் தங்கச்சி 'எத்தனை வருஷத்துக்குள்ள பெரிய ஆளாவான்?' என்று கெடு வைக்கப் பார்ப்பார்கள். அது அவன் கையில் இல்லை. வேறு கெடு வையுங்கள். முதல் வருஷம் முடியும்போது அவன் எழுதி மேடையேறிய ஸ்கிட் எத்தனை, அவனைத் திரும்பக் கூப்பிட்ட டீம் எத்தனை, வைத்தியச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைத்த பணம் எவ்வளவு, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் இன்னொரு வருஷம் கொடுங்கள். இல்லையென்றால் ஊருக்கு வரச் சொல்லுங்கள். இங்கேயும் கொடை மேடைக்கு எழுதத் தெரிந்த ஆள் பற்றாக்குறையாகத்தான் இருக்கிறது.